வேலி கழுவக் கற்றேன்

வேலி என்று சொன்னவுடன் உங்கள் மனக்கண்முன் எது தோன்றுகிறது? சிற்றூரில் பிறந்தவர்களுக்குக் கிளுவை வேலி தோன்றும். கள்ளி வேலி தோன்றும். இலந்தை முள்ளை வெட்டிக் கட்டிய படல் தோன்றும். நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு முள்கம்பி வேலியோ, கல்தூண் நட்டுக் கட்டிய கம்பிவலையோ தோன்றலாம். பயிரைக் காப்பது வேலி. வீட்டைக் காப்பது வேலி. காக்க வேண்டியதே கெடுக்கத் தொடங்கினால், “வேலியே பயிரை மேய்ந்தாற்போல” என்று நம் முன்னோர் பழமொழி சொல்லி வைத்தனர். அப்பழமொழியை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதன் பொருளை என் வீட்டு முற்றத்திலேயே ஒரு நாள் கண்டேன். அன்று மேய்ந்தது வேலியன்று. வேலியைக் காக்கப் புறப்பட்ட நான்தான்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. வெள்ளை நிறமான ஒரு பிளாஸ்டிக் வேலியை எவ்வாறு கழுவுவது என்பதே அது. இதற்கு ஓர் உரை வேண்டுமா என்று நீங்கள் நகைக்கலாம். நகைத்துக்கொண்டே கேளுங்கள், பாதகமில்லை. இச்சிறிய செயலை நான் தவறாகச் செய்ததால் என் பேரனை இழக்க இருந்தேன் என்பதைச் சொன்னால், சிறு செயல், பெருஞ்செயல் என்னும் பாகுபாடு எவ்வளவு பொருளற்றது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது செண்பகத்தோப்பு. ஊரிலிருந்து சாலை மேற்கே செல்லச் செல்ல, வீடுகள் குறைந்து தோப்புகள் மிகும். மாவும் தென்னையும் இருபுறமும் நிழல் பரப்பும். அத்தோப்புகளுக்கு அப்பால் காடு தொடங்குகிறது. காட்டழகர் கோயிலுக்குச் செல்வோர் இவ்வழியேதான் மலையேறுவர். மலையிலிருந்து இறங்கும் ஓடை, மழைக்காலத்தில் பாறைகளின்மேல் சலசலத்துப் பாயும். நரை அணில் என்று சொல்லப்படும் பெரிய மலையணில்கள் இக்காட்டின் செல்வங்கள். அவற்றைக் காப்பதற்காகவே 1988ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கப்பட்டது. காட்டையும் ஊரையும் பிரிக்கும் எல்லையில் வாழ்பவர்கள் நாங்கள். ஆகவே, வேலி என்பது எங்களுக்கு அழகுப்பொருள் அன்று, அன்றாடத் தேவை.

எங்கள் வீட்டைச் சுற்றி என் தந்தையார் காலத்தில் இருந்தது கிளுவை வேலி. மழைக்காலத் தொடக்கத்தில் போத்துகளை வெட்டி வரிசையாக ஊன்றினால், அவை தாமே வேர்விட்டுத் தழைக்கும். ஆண்டுக்கொரு முறை தலையை வெட்டிவிடுவதன்றி, அதற்குச் செய்யவேண்டிய பணிவிடை வேறு இல்லை. வீட்டை எடுத்துக் கட்டியபோது அவ்வேலி போயிற்று. அதன்பின் மரச்சட்டங்களால் வேலி அமைத்தோம். மூன்று மழைக்காலத்திற்குள் கறையான் அதனைத் தின்று முடித்தது. வெளியூரில் வாழும் என் மகள், “அப்பா, கறையான் அரிக்காத வேலி ஒன்று போட்டுத் தருகிறேன்” என்று சொல்லி, வெண்ணிற வினைல் வேலியை வரவழைத்து முன்புறமும் பக்கவாட்டிலும் அமைத்துக் கொடுத்தாள். ஆடுகள் பூச்செடிகளை மேயாமல் தடுக்க அது போதுமானதாக இருந்தது. முதல் ஆண்டு முழுவதும் அது பால்போல் வெண்மையாய் விளங்கிற்று. வழியிற் செல்வோர் நின்று பார்த்துவிட்டுச் சென்றனர். எனக்கும் அதில் சிறிது பெருமை இருந்ததென்பதை மறைப்பானேன்?

வினைல் என்பது என்ன? நீங்கள் நாள்தோறும் காணும் பொருள்தான் அது. வீட்டில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதல்லவா? குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு இருக்கிறதல்லவா? அவற்றைப் பி.வி.சி. என்று அழைக்கிறோம். பாலிவினைல் குளோரைடு என்பதன் சுருக்கமே பி.வி.சி. 1872இல் செருமானிய வேதியியலறிஞர் ஆய்கன் பௌமான், வினைல் குளோரைடு என்னும் வாயுவை ஒரு குடுவையில் அடைத்து வெயிலில் வைத்திருந்தபோது, வெண்மையான திண்பொருளொன்று உண்டாகியிருப்பதைக் கண்டார். அதனை என்ன செய்வதென்று அக்காலத்தில் எவருக்கும் தெரியவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின், 1926இல், அமெரிக்க நாட்டு வால்டோ செமன் அதனை நெகிழ்வுள்ளதாக்கிப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். நம் தமிழ்நாட்டிலும் மேட்டூரில் 1960களிலேயே இப்பொருளின் உற்பத்தி தொடங்கிவிட்டது.

இப்பொருளின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு குளோரின். நூற்றுக்கு ஏறத்தாழ 57 பங்கு. சோற்றுக்கு நாம் இடும் உப்பிலிருந்து பிரிக்கப்படுகின்ற குளோரின்தான் அது. வேலியின் வெண்மைக்குக் காரணம் மற்றொரு பொருள். அதன் பெயர் டைட்டானியம் டை ஆக்சைடு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குச் சென்றவர்கள் அங்குக் கருநிற மணலைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள இல்மனைட்டு என்னும் கனிமத்திலிருந்து இவ்வெண்பொருளை எடுக்கலாம். கரிய மணலிலிருந்து வெண்மை பிறப்பது வியப்பல்லவா? இவ்வெண்பொருள் அழகுக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் வினைலைச் சிதைக்கவல்லவை. அக்கதிர்களைத் தடுத்து வேலியைக் காக்கும் வேலி இதுவே.

கறையானை வென்ற வேலி, மழையிடம் தோற்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபோது, வேலியின் நிழல்படும் பக்கம் பச்சை படிந்தது. கீழ்ச்சட்டங்களில் கரும்புள்ளிகள் தோன்றின. பச்சையாகத் தெரிவது பாசி; கரும்புள்ளி பூஞ்சணம். இவை வினைலை உண்டு வாழ்வன அல்ல. வேலிமேல் படியும் புழுதி, மாம்பூவின் மகரந்தம், இலைச்சாறு, பறவை எச்சம் ஆகியவை ஒரு மெல்லிய படலமாக அமைகின்றன. அப்படலத்தில் ஈரமும் நிழலும் சேர்ந்தால் பாசிக்கும் பூஞ்சணத்திற்கும் அதுவே வயல். எனவே, நீக்க வேண்டியது மேலே படிந்த அழுக்கைத்தானேயன்றி, வேலியின் தோலையன்று. இவ்வுண்மையை நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள். மறுவாரம் உறவினர் வருவதாக இருந்தது. வேலி பழைய வெண்மையோடு விளங்க வேண்டும் என்னும் ஆசை எனக்கு. வீட்டில் கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் இருந்தது. கழிவறை கழுவும் ஆசிட்டும் இருந்தது. பிளீச்சிங் பவுடர் கறையைப் போக்கும். ஆசிட்டும் கறையைப் போக்கும். இரண்டையும் சேர்த்தால் இருமடங்கு போக்கும் அல்லவா? இப்படித்தான் நான் கணக்கிட்டேன். கூட்டல் கணக்கில் அது சரி. வேதியியலில் அது பெரும்பிழை.

வீட்டுச் சுவருக்கும் பக்கவாட்டு வேலிக்கும் இடையே ஒரு குறுகிய சந்து உண்டு. அங்கு வாளியை வைத்துப் பவுடரை நீரில் கரைத்தேன். ஏழு வயதுப் பேரன் எனக்கு உதவி செய்வதாகச் சொல்லிச் சிறு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாளியருகில் நின்றான். நான் ஆசிட்டைச் சாய்த்தேன். வாளி நுரைத்துப் பொங்கிற்று. மஞ்சளும் பச்சையும் கலந்த புகை எழுந்ததைக் கண்டேன். அடுத்த கணம் என் தொண்டையைக் கத்தியால் கீறினாற்போன்ற எரிச்சல். கண்களில் நீர் பெருகிற்று. எனக்கு முன்பே பேரன் இருமத் தொடங்கிவிட்டான். இருமினான் என்று சொல்வது போதாது. மூச்சை இழுக்க முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடினேன் தெரியுமா? வாசற்கதவு இருந்த கிழக்குத் திசை நோக்கி. காலைப்பொழுதாகையால் மலைக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடிய திசையிலேயே புகையும் வந்தது. அப்போது பக்கத்துத் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் உரத்த குரலில் கூவினார்: “சார்! அந்தப் பக்கம் போகாதீங்க! காத்துக்கு எதிரா மேட்டுக்கு வாங்க!” அவர் பளியர் குடியைச் சேர்ந்தவர். மலைத்தேன் எடுத்துப் பழகியவர். தேனடைக்குப் புகை போடுபவர் காற்றின் திசை அறியாமல் நிற்பாரோ? ஓடிவந்து பேரனைத் தம் தோள்மேல் தூக்கிக்கொண்டு, மேற்குப் பக்கமாக மேட்டில் ஏறினார். நான் அவர் பின்னே தடுமாறி ஓடினேன். அங்கே நல்ல காற்று இருந்தது. பேரன் மூச்சை இழுத்தான்.

ஊர்தியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். உயிர்க்காற்று கொடுத்தார்கள். “இப்போது தேறிவிட்டான் என்று எண்ணி வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். இவ்வாயுவின் தீங்கு சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் தோன்றலாம்” என்று சொல்லி, மருத்துவர் ஓரிரவு அங்கேயே தங்க வைத்தார். அவ்விரவு முழுவதும் நான் அவனுடைய மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் அவன் கண்விழித்து, “தாத்தா, வேலி வெள்ளையாயிடுச்சா?” என்று கேட்டான். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை.

மாணவர்களே, அந்த வாளியில் உண்டானது குளோரின் வாயு. இதில் எனக்குத் தெரியாத இரகசியம் ஒன்றுமில்லை. பிளீச்சிங் பவுடருடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வெளிப்படும் என்பது பள்ளிப் பாடம். ஆண்டுதோறும் கரும்பலகையில் அச்சமன்பாட்டை எழுதியவன் நான். ஆய்வுக்கூடத்தில் இவ்வாயுவைத் திரட்டும்போது குடுவையின் வாயை மேல்நோக்கி வைக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். ஏன்? குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. அது கீழே தங்கும். அக்கனமான வாயு குறுகிய சந்தில் தரையையொட்டித் தேங்கியது. என் மூக்கு தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தது. என் பேரனின் மூக்கு மூன்றரை அடி உயரத்தில், வாளிக்கு அருகில் இருந்தது. அவன் எனக்கு முன்பே இருமியதன் காரணம் இதுதான். பாடம் என் நாவில் இருந்தது, கையில் இல்லை.

குளோரின் நமக்குப் பகையா? அன்று. 1774இல் சுவீடன் நாட்டு ஷீல இவ்வாயுவைக் கண்டார். 1810இல் இங்கிலாந்து நாட்டு ஹம்ப்ரி டேவி இது ஒரு தனிமம் என்று நிறுவிப் பெயரிட்டார். சார்லசு டென்னன்ட் 1799இல் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின், துணியை வெளுக்க வாரக்கணக்கில் வெயிலில் விரித்துக் காத்திருக்கும் நிலை மாறிற்று. குடிநீரில் அளவோடு சேர்க்கும் குளோரின், வாந்திபேதி முதலிய நோய்களிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. அதே குளோரினை 1915 ஏப்ரல் 22ஆம் நாள், பெல்சியத்தின் ஈப்ரு நகருக்கருகில், போர்ப்படையினர் உருளைகளிலிருந்து காற்றில் திறந்துவிட்டனர். அது பதுங்குகுழிகளுக்குள் இறங்கிப் போர்வீரர்களின் உயிரைக் குடித்தது. பதுங்குகுழிக்குள் ஏன் இறங்கிற்று என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். பொருளில் நன்மையுமில்லை, தீமையுமில்லை. அளவும் இடமும் சேர்க்கையுமே அதனை நன்மையாகவோ தீமையாகவோ ஆக்குகின்றன.

எனவே, மூன்று விலக்குகளை நினைவில் வையுங்கள். பிளீச்சிங் பவுடரோடும் வெளுப்புநீரோடும் எந்த அமிலத்தையும் சேர்த்தலாகாது. கழிவறை ஆசிட்டு மட்டுமன்று. வினிகரும் எலுமிச்சைச் சாறும் அமிலங்களே. அடுத்து, அம்மோனியா உள்ள பொருளோடும் அவற்றைச் சேர்த்தலாகாது. அவ்விரண்டும் கூடினால் குளோரமின் என்னும் நச்சுவாயு உண்டாகும். மாட்டுத் தொழுவத்தில் தேங்கிய பழைய மூத்திரத்திலும் அம்மோனியா உண்டு. முதலில் நீர் விட்டுக் கழுவித் தள்ளாமல் அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவது தவறு. மூன்றாவது, எந்த மருந்துநீரையும் தண்ணீர்ப் புட்டியிலோ சர்பத்துப் புட்டியிலோ ஊற்றி வைத்தலாகாது. தாகத்தோடு வரும் குழந்தை, அதன் நிறத்தைப் பார்த்து நீர் என்றே எண்ணும்.

தவறு நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? வாளியைத் தூக்கிக் கொட்ட முயலாதீர்கள். அதனை விட்டுவிட்டு விலகுங்கள். பள்ளத்தை நோக்கிச் செல்லாமல் மேட்டை நோக்கிச் செல்லுங்கள். காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசைக்குப் போங்கள். கண் எரிந்தால் ஓடும் தூய நீரில் கால்மணி நேரமாவது கழுவுங்கள். மேலே தெறித்த உடையைக் களைந்துவிட்டுத் தோலையும் கழுவுங்கள். 108 என்னும் எண்ணுக்குச் சொல்லி மருத்துவ ஊர்தியை அழையுங்கள். எரிச்சல் தணிந்துவிட்டதே என்று மருத்துவரைக் காணாமல் இருந்துவிடாதீர்கள்.

இனி, வேலியை எவ்வாறு கழுவ வேண்டும் என்று சொல்கிறேன். பேரன் தேறி வந்த மறுவாரம் நான் கற்றுக்கொண்ட முறை இது. அன்றுமுதல் ஆண்டுக்கு இருமுறை இப்படித்தான் கழுவி வருகிறேன்.

முதலில் ஒரு நீண்ட குச்சியால் வேலியைத் தட்டிக்கொண்டே ஒருமுறை சுற்றி வரவேண்டும். எங்கள் மலையடிவாரத்தில் கீழ்ச்சட்டத்தின் நிழலில் பாம்பு படுத்திருக்கலாம், உள்ளீடற்ற தூணுக்குள் குளவி கூடு கட்டியிருக்கலாம், தேள் இருக்கலாம். கையை நுழைக்குமுன் கண்ணை நுழைக்க வேண்டும் என்பது எங்களூர்த் தோப்புக்காரர் வழக்கம். பிறகு, வேலியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கொடிகளையும் புல்லையும் நீக்க வேண்டும். காற்றும் வெயிலும் படும் இடத்தில் பாசி எளிதில் படர்வதில்லை. பாதிக் கழுவுதல் இதிலேயே முடிந்துவிடும்.

வெயில் ஏறுமுன் கழுவுவது நலம். சூடேறிய சட்டத்தின்மேல் சோப்புநீர் உடனே காய்ந்து தழும்பாகப் படியும். முதலில் வெறும் நீரைத் தெளித்துப் புழுதியை இறக்குங்கள். பின்பு ஒரு வாளி நீரில் சிறிது பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய வேட்டித் துணியாலோ மென்மையான தூரிகையாலோ தேயுங்கள். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கரைத்த நீரும் நன்கு நுரைத்து அழுக்கை எடுக்கும். சோப்பு வராத காலத்தில் பாட்டிமார் பட்டுச்சேலையை அதில்தானே அலசினர்? சோப்புநீரைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துச் செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் உலர்ந்த சட்டத்தின்மேல் வழிந்து கோடிட்டுவிடும். கடைசியில் தூய நீரை மேலிருந்து கீழாக ஊற்றிச் சோப்பு முழுவதையும் அலச வேண்டும்.

அப்படியும் பச்சை போகாத இடங்கள் சில இருக்கும். மூன்று பங்கு வினிகருக்கு ஏழு பங்கு நீர் சேர்த்துத் துணியில் நனைத்துத் துடைத்தால் அவை பெரும்பாலும் நீங்கும். அவ்வேளையில் பிளீச்சிங் பவுடர் டப்பா அந்தப் பக்கமே வரலாகாது. கைக்கு ரப்பர் உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். என் வயதினர் இதனை ஆடம்பரம் என்பர். கண்ணில் ஒரு துளி தெறித்தவர் அவ்வாறு சொல்லமாட்டார்.

செய்யத் தகாதவையும் உண்டு. இரும்பு நாரால் தேய்க்கலாகாது. அதனால் உண்டாகும் நுண்ணிய கீறல்களில் அழுக்கு குடிபுகும். அடுத்த ஆண்டு பாசி இருமடங்காகும். பெயின்டுக்குக் கலக்கும் தின்னர், நகப்பூச்சை நீக்கும் அசிட்டோன் ஆகியவற்றால் துடைக்கலாகாது. அவை வினைலை இளக்கிவிடும். கொதிக்கும் நீரை ஊற்றலாகாது. ஏறத்தாழ 80 பாகை வெப்பத்திலேயே இப்பொருள் இளகி வளையத் தொடங்கும். உடைந்த துண்டுகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துதல் எல்லாவற்றினும் பெருந்தவறு. எடையில் பாதிக்கு மேல் குளோரின் என்று சொன்னேன் அல்லவா? எரியும்போது அது ஐட்ரசன் குளோரைடு என்னும் அமிலப்புகையாகவும், வேறு கொடிய நஞ்சுகளாகவும் வெளிப்படும்.

கழுவிய நீர் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நானும் எண்ணியதில்லை. வாளியைக் கவிழ்த்தால் தரை குடித்துவிடும் என்றே நினைத்திருந்தேன். ஆனால், எங்கள் வீட்டுச் சந்து நீர் ஒரு வாய்க்காலில் இறங்குகிறது. வாய்க்கால் ஓடையில் சேர்கிறது. ஓடைநீர் கண்மாயை நோக்கிச் செல்கிறது. வழியில் தவளை உண்டு, மீன்குஞ்சு உண்டு, மான் வந்து நீர் குடிக்கும் மடு உண்டு. தவளையின் தோல் மிக மெல்லியது. நீரில் கரைந்தவை பல அத்தோல் வழியே அதன் உடலிற் புகும். அன்று நான் விட்டுவிட்டு ஓடிய வாளியை, வாயு முழுவதும் கலைந்தபின் ஏராளமான நீர் விட்டுக் கழுவினோம். இரண்டு நாள் அந்த வாய்க்காலில் தவளைக்குரல் கேட்கவில்லை. அதற்கு நான்தான் காரணமோ, வேறு காரணமோ, உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால், அந்த அமைதி எனக்குச் சுகமாக இல்லை. இப்போது சோப்புநீரை வாய்க்காலில் விடாமல், தென்னைக்கு அப்பால் உள்ள வெற்றுத்தரையில் ஊற்றுகிறேன்.

வேலியைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லாமல் விடுவது முறையன்று. எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் சிலர், யானையும் காட்டுப்பன்றியும் புகாதிருக்கச் சூரிய மின்வேலி அமைத்திருக்கின்றனர். முறையாக அமைத்த அவ்வேலியில் மின்னோட்டம் தொடர்ந்து பாய்வதில்லை. ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த நேரம் துடித்து நின்றுவிடும். விலங்கு அதிர்ந்து விலகுமேயன்றி இறவாது. அவ்வேலியையும் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். ஈரப்புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டால் மின்துடிப்பு தரைக்குள் இறங்கி, வேலி வலுவிழக்கும். ஆனால், இணைப்பை நிறுத்தியபின் அன்றிக் கொடியை அறுக்கலாகாது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் இணைப்போரும் ஆங்காங்கே உளர். அது சட்டப்படி குற்றம், அறத்தின்படி கொலை. பன்றிக்கு வைத்த கம்பியில் யானையும் மடிந்திருக்கிறது. இரவில் நீர் பாய்ச்சச் சென்ற உழவரும் மடிந்திருக்கின்றனர். உங்கள் ஊரில் அத்தகைய கம்பியைக் கண்டால், அதனைத் தொடாமல் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, என் பேரன் இன்று நலமாகப் பள்ளிக்குச் செல்கிறான். வேலி கழுவும் நாளில் அவனுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு பிடி உலர்ந்த மண்ணை மேலேயிருந்து மெல்ல உதிர்த்து, காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும். அதன்பிறகே நான் வாளியைத் தொடுவேன். சோப்புநீருக்கு இது தேவையில்லைதான். எனினும், அப்பழக்கத்தை நாங்கள் விடவில்லை. அதனைக் கற்றுக் கொடுத்தவர் பக்கத்துத் தோப்புப் பெரியவர். அவர் வேதியியல் படித்தவர் அல்லர், எழுத்துக்கூட்டிப் படிப்பவரே. அவர் அறிந்தது சிறிது. ஆனால் அறிந்ததை வேண்டிய கணத்தில் பயன்படுத்தத் தெரிந்தவர். நான் அறிந்தது மிகுதி. அது அக்கணத்தில் எனக்குப் பயன்படவில்லை.

தேர்வு எழுதி முடித்ததும் பாடத்தை மறந்துவிடுவது மாணவர் வழக்கம் என்று நாங்கள் ஆசிரியர்கள் குறை கூறுவோம். ஓர் ஆசிரியரே மறந்த கதையை இன்று உங்களிடம் ஒளிக்காமல் சொன்னேன். இனி உங்கள் வீட்டில் தாயாரோ பாட்டியாரோ இரண்டு புட்டிகளை ஒரே வாளியில் சாய்க்கக் கண்டால், கூச்சப்படாமல் கையைப் பிடித்து நிறுத்துங்கள். “வகுப்பில் படித்தோம், இது கூடாது” என்று பணிவோடு சொல்லுங்கள். அன்று என் பேரனுக்கு அந்தப் பாடம் தெரியாது. தெரிந்த நான் எண்ணவில்லை. உங்களுக்கு இப்போது தெரியும்.

வேலி சற்றே மங்கலாக இருந்தாலும் குற்றமில்லை. அதற்கு உள்ளே இருப்பவர்கள் நலமாக இருக்க வேண்டும்.